வெட்டியும் ஒட்டியும்

(எமது சங்கத்தின் மாதக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



இம்மேடையில் பெரும்பாலும் சமயமும் இலக்கியமுமே பேசப்படுவதுண்டு. கேத்திரகணிதம் பேச ஒருவன் எழுந்து நிற்பதைக் கண்டதும், பின்வரிசையிலுள்ள நண்பர் சிலர் கதவுப் பக்கம் பார்ப்பதை நான் கவனிக்காமலில்லை. அவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. இன்று எனக்கு வேண்டியவை ஒரு கடதாசி மட்டையும் ஒரு கத்தரிக்கோலும் மாத்திரமே.

எல்லோருக்கும் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். யாழ்ப்பாணத்தில் நாம் காணியைப் பரப்புக் கணக்கில் அளக்கிறோம். 16 பரப்புக் கொண்டது ஓர் ஏக்கர். ஒருவருடைய நாலு பரப்புக் காணி சதுரமாகக் கிடக்கிறது. அயலவருடைய நாலு பரப்போ ஒழுங்கை ஓரமாக நீண்டு ஒடுங்கிக் கிடக்கிறது. உறுதியிலே இரண்டும் ஒரே அளவு. கண்ணுக்கு அப்படித் தோன்றுவதில்லை. இப்போது அவ்விரு காணிகளின் வடிவத்தையும் மட்டையில் வெட்டி எடுங்கள். நீண்ட மட்டையைச் சில துண்டுகளாக வெட்டி, ஒரு துண்டும் மிஞ்சாமலும், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமலும், இடைவெளி விழாமலும் சதுர மட்டையின்மேல் அடுக்க முடியுமா? இதுதான் இன்றைய வினா. பரப்பளவு சமனென்றால் ஒன்றை வெட்டி மற்றதாக ஒட்டுவது எப்போதும் இயலுமா?

எளிய உதாரணம் ஒன்று பாருங்கள். 9 அங்குல நீளமும் 4 அங்குல அகலமுமுள்ள செவ்வகம். அதன் பரப்பளவு 36 சதுர அங்குலம். 6 அங்குலச் சதுரத்துக்கும் அதுவே பரப்பளவு. செவ்வகத்தைப் படிக்கட்டுப்போல, ஒவ்வொரு படியும் 3 அங்குல அகலமும் 2 அங்குல உயரமுமாக வெட்டுங்கள். இரண்டு துண்டுகள் கிடைக்கும். மேல்துண்டை ஒரு படி ஏற்றி வையுங்கள். நீளம் 3 அங்குலம் குறைந்து 6 ஆகிறது. உயரம் 2 அங்குலம் கூடி 6 ஆகிறது. சதுரம் வந்துவிட்டது. இதை வீட்டிலே சிறுவர்களுக்குச் செய்து காட்டுங்கள். அவர்கள் கண்கள் விரிவதைக் காண்பீர்கள்.

இவ்விடயத்தில் எனக்கு ஈடுபாடு பிறந்த கதையைச் சொல்லத்தான் வேண்டும். அது எனக்குப் பெருமை தரும் கதையன்று. நான் ஒரு மிசன் கல்லூரியிற் கற்றவன். பத்தாம் வகுப்பிலிருந்தபோது நடைபெற்ற விவாதமொன்றில், பைதகரசு தேற்றமும் மற்றுமுள்ள கேத்திரகணிதம் அனைத்தும் எங்கள் முன்னோருடையவையே என்றும், மேனாட்டார் அவற்றை எங்களிடமிருந்து கவர்ந்து தம்முடையவையாக்கினர் என்றும் உரத்த குரலிற் பேசினேன். நண்பர்கள் கைதட்டினார்கள். கிறித்தவரும் முதியவருமான எங்கள் கணித ஆசிரியர் பின்வாங்கிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். விவாதம் முடிந்தபின் என்னை அழைத்தார்.

“தம்பி, நீர் சொன்னது உண்மையாயிருக்கலாம். எந்த நூலில், எந்த இடத்தில், எப்படிச் செய்தார்கள் என்று ஒரு படம் கீறிக் காட்டும், பார்ப்போம்” என்றார்.

என்னாற் காட்ட முடியவில்லை. நூலின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவர் நகைக்கவில்லை. “கண்டுபிடித்துக்கொண்டு வாரும். எனக்கும் அறிய ஆவல்தான்” என்று சொல்லி அனுப்பினார். கைதட்டலிலே நனைந்து நின்ற எனக்கு அந்தச் சொல் பல நாள் உறுத்திக்கொண்டேயிருந்தது.

பல்கலைக்கழகத்துக்கு வந்த பின்னரே அந்தக் கடனைத் தீர்க்க முடிந்தது. தேட வேண்டிய நூல்கள் சுல்ப சூத்திரங்கள் என்று அறிந்தேன். சுல்பம் என்றால் கயிறு. வேள்விமேடைகளைக் கயிறும் முளையும் கொண்டு அளந்து அமைக்கும் முறையைக் கூறும் நூல்கள் அவை. அவற்றுள் பழையது போதாயனருடையது. அதன் காலம் கி. மு. 800க்கும் 500க்கும் இடைப்பட்டதென அறிஞர் பலர் கருதுவர். இந்நூல்களை மேனாட்டு அறிஞருலகு அறியச் செய்தவர் காசியில் வாழ்ந்த ஜேர்மானியரான தீபோ என்பவர். அவருடைய கட்டுரை 1875ஆம் ஆண்டு வெளிவந்தது.

கோயிற் கும்பாபிஷேகத்தின்போது யாகசாலையில் நாற்கோணம், முக்கோணம், பிறை, அறுகோணம், எண்கோணம் எனப் பல வடிவக் குண்டங்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். வைதிக வேள்வியிலும் மேடைகளுக்குப் பல வடிவங்கள் உண்டு: சிறகு விரித்த பருந்து, ஆமை, தேர்ச்சக்கரம், முக்கோணம் என்றவாறு. வடிவம் எதுவாயினும் பரப்பளவு மாறக்கூடாதென்பது விதி. வேள்வி செய்பவன் கையை உயர்த்தி நிற்கும் உயரம் ஒரு புருஷம். மேடையின் பரப்பு ஏழரைச் சதுர புருஷமாக இருத்தல் வேண்டும். பருந்துமேடையை ஐந்து அடுக்காக, அடுக்கொன்றுக்கு 200 செங்கல்லாக, 1000 செங்கல்லால் அமைப்பர். இது ஏட்டோடு நின்றுவிட்ட வழக்கமன்று. 1975ஆம் ஆண்டில் கேரளத்துப் பாஞ்ஞாள் என்னும் ஊரில் நம்பூதிரி அந்தணர் பருந்து வடிவ மேடை அமைத்து இவ்வேள்வியை நடத்தினர்.

சமபரப்பு வேண்டுமென்ற இந்த விதியினால், ஒரு வடிவத்தை இன்னொன்றாக மாற்றும் வினா எழாமல் இருக்க முடியாதல்லவா? போதாயனர் இரு சதுரங்களைச் சேர்த்து ஒரு சதுரமாக்கும் வழி சொல்கிறார். ஒரு சதுரத்திலிருந்து இன்னொன்றைக் கழித்து மிகுதியைச் சதுரமாக்கும் வழி சொல்கிறார். செவ்வகத்தைச் சதுரமாக்கும் வழியும் சொல்கிறார். நான் தேடிய படம் ஆபஸ்தம்பருடைய நூலிற் கிடைத்தது. மகாவேதி என்னும் பெரிய மேடை சரிவக வடிவினது. மேற்குப் பக்கம் 30 பதம், கிழக்குப் பக்கம் 24 பதம், இரண்டுக்கும் இடைத்தூரம் 36 பதம். அதன் பரப்பு ஆயிரத்துக்கு 28 குறைவு, அதாவது 972 சதுர பதம் என்கிறார் அவர். சொல்லிவிட்டு நிற்கவில்லை, காரணமும் காட்டுகிறார். ஒரு பக்கத்திலுள்ள ஒல்லியான முக்கோணியை வெட்டி எடுத்து, தலைகீழாகத் திருப்பி மறுபக்கத்தில் ஒட்ட வேண்டும். 27 பதம் அகலமும் 36 பதம் நீளமுமுள்ள செவ்வகம் கிடைக்கும். 27ஐ 36ஆற் பெருக்கினால் 972.

விடுமுறைக்கு ஊர் வந்தபோது அந்தச் சரிவகத்தை மட்டையில் வெட்டிக்கொண்டு ஆசிரியரின் வீட்டுக்குப் போனேன். அவர் கத்தரிக்கோலை என்னிடமிருந்து வாங்கித் தாமே வெட்டினார், திருப்பி ஒட்டினார், சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “இனி இதை நான் வகுப்பிலே காட்டுவேன்” என்றார். பிறகு, “தம்பி, எந்த வடிவத்துக்கும் இது இயலுமென்று அவர்கள் சொன்னார்களோ?” என்று கேட்டார். இல்லை என்றேன். “அப்படியென்றால் நீர் இன்னும் படிக்க வேண்டியிருக்கிறது” என்றார்.

அன்பர்களே, ஓர் உருவத்தை மாற்றிக் காட்டுவது ஒன்று. எவ்வுருவத்தையும் மாற்றலாம் என நிறுவுவது வேறொன்று. அதற்கிடையில், கண் நம்மை ஏமாற்றவுங் கூடும் என்பதை மறக்கலாகாது. 8 அங்குலச் சதுரம் ஒன்றை எடுங்கள்; பரப்பளவு 64. அதை 8க்கு 5 ஆகவும் 8க்கு 3 ஆகவும் இரு செவ்வகமாக்குங்கள். சிறியதை மூலைவிட்டத்தின் வழியே வெட்டினால் இரண்டு முக்கோணிகள். பெரியதைச் சரிவாக வெட்டினால், 5 அங்குலமும் 3 அங்குலமும் சமாந்தரப் பக்கங்களாகவுடைய இரண்டு சரிவகங்கள். இந்த நான்கு துண்டுகளையும் 13க்கு 5 அங்குலச் செவ்வகம்போல அடுக்கலாம். அதன் பரப்பளவு 65! ஒரு சதுர அங்குலம் எங்கிருந்து வந்தது?

எங்கிருந்தும் வரவில்லை. முக்கோணியின் சரிவு 8க்கு 3. சரிவகத்தின் சரிவு 5க்கு 2. முன்னது 0.375, பின்னது 0.4. இரண்டும் ஒரே நேர்கோட்டிற் பொருந்துவதில்லை. நடுவிலே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இடைவெளியொன்று மூலைக்கு மூலை ஓடுகிறது. அந்த இடைவெளியின் பரப்புத்தான் அந்த ஒரு சதுர அங்குலம். கையால் அடுக்கிப் பார்த்து “சரியாகவே வருகிறது” என்று சொல்வது நிறுவலாகாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டியதில்லை.

இனி ஆசிரியரின் வினாவுக்கு வருவோம். நேர்கோட்டுப் பக்கங்களாலான உருவத்தைப் பல்கோணி என்கிறோம். சம பரப்பளவுள்ள எந்த இரு பல்கோணிகளை எடுத்தாலும், ஒன்றை முடிவுள்ள எண்ணிக்கையான துண்டுகளாக வெட்டி மற்றதாக ஒட்ட இயலும். இது உண்மையான தேற்றம். ஸ்கொத்லாந்து நாட்டவரான வாலஸ், ஹங்கேரியரான பார்க்கஸ் போல்யாய், ஜேர்மானியப் படை அதிகாரியான கேர்வின் ஆகிய மூவர் பெயரும் இதனோடு சேர்த்துச் சொல்லப்படும். வாலஸ் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதனை ஆராய்ந்தார். கேர்வினுடைய நிறுவல் 1833இல் அச்சேறியது.

நிறுவல் நான்கு படிகளைக் கொண்டது. முதலாவது, பல்கோணியை முக்கோணிகளாக வெட்டிக்கொள்க.

இரண்டாவது, ஒவ்வொரு முக்கோணியையும் செவ்வகமாக்குக. மிக நீண்ட பக்கத்தை அடியாக வைத்து, மற்றிரு பக்கங்களின் நடுப்புள்ளிகளை இணைத்து வெட்டுக. மேலே கிடைக்கும் சிறு முக்கோணியை அதன் உச்சியிலிருந்து செங்குத்தாக வெட்டி, இரு துண்டுகளையும் இரு பக்கமும் சுழற்றி இறக்கினால் செவ்வகம்.

மூன்றாவது, செவ்வகத்தைச் சதுரமாக்குக. நீளம் அகலத்தின் நான்கு மடங்குக்கு மேற்பட்டால், பாதியாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்று வைத்து நீளத்தைக் குறைத்துக்கொள்ளலாம். பின்னர் செவ்வகத்தையும் அதற்குச் சமமான சதுரத்தையும் ஒரே மூலையிற் பொருந்துமாறு வரைக. சதுரத்தின் மேல்மூலையிலிருந்து செவ்வகத்தின் தூரத்துக் கீழ்மூலைக்கு ஒரு கோடு கீறுக. அக்கோட்டுக்கு மேலே செவ்வகத்தில் அகப்படும் பெரிய முக்கோணியை அக்கோட்டின் வழியே மேலே வழுக்கி விடுக. சதுரத்துக்கு வெளியே நீண்டு நிற்கும் சிறு முக்கோணியை வெட்டி மேலே எஞ்சிய இடத்தில் வைத்தால் அது அளவாகப் பொருந்தும். வடிவொத்த முக்கோணிகள் பற்றிப் பாடசாலையிற் கற்றவை கொண்டே இதனை நிறுவலாம். இப்படி மூன்று துண்டுகளிற் செவ்வகம் சதுரமாகிறது.

நான்காவது, இவ்வாறு கிடைத்த சதுரங்களை இரண்டிரண்டாகச் சேர்த்து ஒரே சதுரமாக்குக. இங்கேதான் பைதகரசு தேற்றம் என்று நாம் கூறும் உண்மை வருகிறது. போதாயனர் கூறிய சதுரச் சேர்க்கையும் இதுவே.

ஆகவே எந்தப் பல்கோணியையும் வெட்டிச் சதுரமாக்கலாம். அப்படியானால் சம பரப்பளவுள்ள இரு பல்கோணிகளும் ஒரே சதுரமாகும். முதலாவது உருவத்தின் வெட்டுக்கோடுகளையும் இரண்டாவதின் வெட்டுக்கோடுகளையும் அந்தச் சதுரத்தில் ஒன்றாக வரைந்து, எல்லாக் கோடுகளிலும் வெட்டுங்கள். கிடைக்கும் துண்டுகள் இரண்டு உருவத்துக்கும் பொதுவானவை. தொடக்கத்தில் நான் சொன்ன நீண்ட காணியும் சதுரக் காணியும் இப்போது ஒன்றாகிவிட்டன.

இதில் எது யாருடையது என்று நேர்மையாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். சதுரங்களைச் சேர்ப்பதும், செவ்வகத்தைச் சதுரமாக்குவதும் எம் முன்னோர் நூலில் உள்ளன. ஆயின் போதாயனர் செவ்வகத்தைச் சதுரமாக்கும்போது, துண்டுகளை மாற்றி வைத்துவிட்டு, கடைசியிற் கயிற்றால் அளந்து பக்கத்தைப் பெறுகிறார்; முற்றும் துண்டுகளாலே அடுக்கிக் காட்டுவதில்லை. எல்லாப் பல்கோணிகளுக்கும் பொருந்தும் பொதுத் தேற்றமும் அங்கில்லை. அதை நிறுவியவர்கள் வேறு நாட்டார். இப்படிச் சொல்வதால் போதாயனருக்கு ஒரு குறையும் வந்துவிடாது. இல்லாததைச் சேர்த்துச் சொன்னால், உள்ளதையும் பிறர் நம்பாமற் போவர். பத்தாம் வகுப்பில் எனக்கு நேர்ந்தது அதுவே.

இயலும் என்று நிறுவியபின், எத்தனை துண்டுகள் போதும் என்பது அடுத்த வினா. ஆங்கிலேயரான டியூடினி என்பவர் 1902இல் ஒரு புதிர் வெளியிட்டார். சமபக்க முக்கோணியை நாலே துண்டுகளாக வெட்டிச் சதுரமாக்க வேண்டுமென்பது அது. அத்துண்டுகளைப் பிணைச்சல்களால் இணைத்து, ஒரு பக்கம் மடித்தால் முக்கோணியும் மறுபக்கம் மடித்தால் சதுரமும் ஆகும்படி மரத்திலே செய்தும் காட்டினார். மூன்று துண்டுகளால் முடியாதா? நூற்றாண்டுக்கு மேலாக ஒருவராலும் செய்யமுடியவில்லை. முடியாதென்று நிறுவவும் முடியவில்லை. துண்டுகளைக் கவிழ்த்துப் போடாமல் மூன்று துண்டுகளால் அது இயலவே இயலாது என்று டெமேன், கமாட்டா, உஎஹாரா என்னும் மூவர் 2024இற்றான் நிறுவினர். சிறுவர் விளையாடும் புதிர் ஒன்று இத்தனை ஆண்டு காத்திருந்தது.

தட்டையான மட்டையை விட்டு, கனவுருவத்துக்கு வருவோம். களிமண்ணாற் செய்த நான்முகி ஒன்றைத் தட்டையான வெட்டுக்களால் துண்டாக்கி, அதே கனவளவுள்ள சதுரமுகியாக அடுக்கலாமா? மட்டையில் முடிந்தது மண்ணிலும் முடியும் என்றுதான் நாம் எண்ணுவோம். 1900ஆம் ஆண்டு பாரிசிற் கூடிய கணித மகாநாட்டையொட்டி ஜேர்மானியக் கணித மேதை ஹில்பேட் 23 வினாக்களை வெளியிட்டார். சமமான அடியும் சமமான உயரமும் உள்ள நான்முகிகளை இவ்வாறு மாற்ற எப்போதும் இயலுமா என்பது அவற்றுள் மூன்றாவது. இயலாது என்றே அவர் எதிர்பார்த்தார். அவருடைய மாணவர் மக்ஸ் டேன் அதே ஆண்டில் விடை கண்டார். டேன் பிறந்தது 1878இல். இங்கே அமர்ந்திருக்கும் இளைஞர் பலருடைய வயதுதான் அன்று அவருக்கும்!

அவர் செய்தது ஒரு கணக்கு வைத்ததுதான். கனவுருவத்தின் ஒவ்வொரு விளிம்புக்கும் நீளம் உண்டு. அவ்விளிம்பிற் சந்திக்கும் இரு முகங்களுக்கு இடையே கோணம் உண்டு. விளிம்பைக் குறுக்கே வெட்டினால் நீளம் பிரியும், கோணம் மாறாது. விளிம்பின் வழியே வெட்டினால் கோணம் பிரியும், நீளம் மாறாது. வெட்டினாற் புதிதாகத் தோன்றும் விளிம்புகளைச் சூழ்ந்த கோணங்கள் சேர்ந்து 180 பாகையோ 360 பாகையோ ஆகும். ஆகவே 180 பாகையோடு முழுவெண் விகிதத்தில் உள்ள கோணங்களுக்குப் பெறுமதி இல்லை என்று வைத்து நீளத்தையும் கோணத்தையும் சேர்த்துக் கணக்கெழுதினால், எத்தனை முறை வெட்டி ஒட்டினாலும் கணக்கின் மொத்தம் மாறாது. சதுரமுகியின் கோணங்கள் எல்லாம் 90 பாகை, 180இன் பாதி, ஆதலால் அதன் கணக்குச் சுழியம். ஒழுங்கான நான்முகியின் கோணம் ஏறக்குறைய 70 பாகை 32 கலை. அது 180 பாகையோடு எந்த முழுவெண் விகிதத்திலும் அடங்காது. அதன் கணக்குச் சுழியமாவதில்லை. எனவே ஒன்றை மற்றதாக்க எக்காலத்தும் எவராலும் இயலாது. கனவளவும் இந்தக் கணக்கும் இரண்டும் சமனானால் மாற்ற இயலும் என்பதை சுவிற்சர்லாந்து நாட்டவரான சிட்லர் 1965இல் நிறுவினார்.

டேனுடைய பிற்கால வாழ்வு துயரமானது. யூதராகப் பிறந்த குற்றத்துக்காக 1935இல் பேராசிரியப் பதவியை இழந்தார். நோர்வேக்குச் சென்றார், அங்கும் ஜேர்மானியப் படை வந்தது, சைபீரியாவும் ஜப்பானும் கடந்து அமெரிக்காவை அடைந்தார். கடைசி ஆண்டுகளில் ஒரு சிறு கல்லூரியிற் கணிதம் கற்பித்து 1952இற் காலமானார். அவர் பதவியைப் பறிக்க முடிந்தது. 1900இல் அவர் நிறுவியதை ஒருவராலும் பறிக்க முடியவில்லை.

பெரியோர்களே, நான் சொல்லவந்தது இதுவே. எம் முன்னோர் செய்தவற்றை நாம் போற்ற வேண்டும். போற்றுவதற்கு முன் கீறிப் பார்க்க வேண்டும், வெட்டிப் பார்க்க வேண்டும், அளந்து பார்க்க வேண்டும். ஆபஸ்தம்பர் தாமே விடையோடு காரணத்தையும் வைத்தவர். கண்ணை மூடிக்கொண்டு பெருமை பேசுவது அவர் வழியன்று. இளைஞர்களே, அவர் கயிற்றை வைத்த இடத்திலிருந்து எடுத்துச் செல்ல வேண்டியவர்கள் நாம். இடையில் வேறு கைகள் எடுத்துச் சென்றிருந்தால், அவர்களுக்கும் நன்றி கூறி, அவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடர்வோம்.

எமது சங்கத்துச் சிறுவர் வகுப்பில் தேவாரம் பாடி முடிந்தபின், மாதத்திலொரு நாள் அரை மணித்தியாலம் மட்டையும் கத்தரிக்கோலும் கொடுத்துப் பாருங்கள் என்று செயற்குழுவினரை வேண்டிக்கொள்கிறேன். மகாவேதியை முதலில் வெட்டட்டும். 64ஐ 65 ஆக்கி ஏமாறட்டும். ஏமாற்றம் எங்கேயென்று தாமே கண்டுபிடிக்கட்டும். அப்பிள்ளைகளில் ஒருவர் பிற்காலத்தில் மேடையேறி எம் முன்னோர் பெருமை பேசும்போது, யாராவது “படம் கீறிக் காட்டும்” என்று கேட்டால், என்னைப்போலத் தலைகுனிந்து நிற்க வேண்டிவராது.